ஒத்து ஊதுவோர்: தொலைக்காட்சி நகைச்சுவையில் குழுவும் தனித்திறனும்

ஆய்வுத் தலைப்பை உறுதிசெய்யும் கட்டத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடலிலிருந்து இக்கருத்துரையைத் தொடங்க வேண்டியுள்ளது. ‘லொள்ளு சபா’ நிகழ்ச்சியின் உரையாடல் அமைப்பை ஆராய விரும்புவதாக நான் கூறியபோது, மதிப்பீட்டுக் குழுவிலிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், நிகழ்ச்சி முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும், அதிலிருந்து ஒரு நடிகரைத் தேர்ந்துகொண்டால் ஆய்வெல்லை தெளிவாகும் என்றும் அறிவுறுத்தினார். அன்போடு சொல்லப்பட்ட அறிவுரை அது. அதனை ஏற்றுச் சந்தானம் பேசிய தொடர்களை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். நான்கு பக்கங்கள் நிறைந்தன. படித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. காட்சியில் விலா நோகச் சிரிக்க வைத்த அதே தொடர்கள், தாளில் வெறும் வசவுகளாகக் கிடந்தன. அவற்றை எதிரே நின்று வாங்கிக்கொண்ட முகம் அத்தாளில் இல்லாததே காரணம் என்பது சற்றுத் தாமதமாகவே புலப்பட்டது.

நகைச்சுவையைத் தனியாளின் திறனாகக் கணக்கிடும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பல்கலைக்கழக ஆய்வேடுகளின் தலைப்புகள் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றன. நடிகர் ஒருவரின் பெயரும் ‘நகைச்சுவைத் திறன்’ என்னும் தொடரும் சேர்ந்தால் ஒரு தலைப்பு உருவாகிவிடுகிறது. தொலைக்காட்சி நகைச்சுவையைப் பொறுத்தவரை இவ்வணுகுமுறை போதாது என்பதும், ஆய்வின் அலகு நடிகராக இல்லாமல் குழுவாக இருத்தல் வேண்டும் என்பதும் என் கருத்து. அதற்கு முதல் தடையாக நிற்பது நம் மொழிவழக்கேயாகும்.

இழிந்த பொருள் பெற்ற தொழிற்சொற்கள்

நாகசுரக் குழுவில் ஒத்து என்பது இன்றியமையாத கருவி. விரலோட்டிப் பண்ணிசைக்கும் துளைகள் அதற்கில்லை. ஒரே சுரத்தை இடையறாது ஒலித்துக்கொண்டிருப்பதே அதன் பணி. மூச்சு அறாமல் ஊதுதல் எளிய செயலன்று. அவ்வொலி நின்றால் நாகசுரக்காரர் எத்துணை வல்லவராயினும் சுருதிக்கு ஆதாரம் இல்லாமற்போகும். எனினும் இன்றைய வழக்கில் ‘ஒத்து ஊதுகிறவன்’ என்றால் தன்கருத்து ஏதுமின்றிப் பிறருக்குத் தலையாட்டுபவன் என்பது பொருள். ‘ஜால்ரா அடித்தல்’, ‘தாளம் போடுதல்’, ‘பின்பாட்டுப் பாடுதல்’, ‘பக்கவாத்தியம் வாசித்தல்’ ஆகிய தொடர்கள் அனைத்தும் இதே கதியை அடைந்துள்ளன. இசையரங்கிலும் கூத்தரங்கிலும் துணைநின்று தொழில் செய்வோரைக் குறித்த சொற்கள் ஒன்றுவிடாமல் வசவுகளாக மாறியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. துணைநிற்கும் கலைஞரைக் குறிக்க வேறு நல்ல சொல் நம்மிடம் உள்ளதா என்று தேடினால் ‘துணை நடிகர்’ என்பது கிடைக்கும். அதுவும் ஊதியப் பட்டியலின் படிநிலையைச் சொல்கிறதேயன்றி, அவர் செய்யும் தொழிலைச் சொல்வதில்லை.

இதற்கு மாறாக, நம் இலக்கண மரபு நகையைப் பிறரோடு தொடர்புபடுத்தியே பேசுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலாவதாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறும். பேராசிரியர் தம் உரையில், இவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என்று விரித்துரைப்பார். எள்ளுவதற்கு எள்ளப்படுபவர் வேண்டும். மடன் என்பதற்கு, பிறர் சொல்லித்தரக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று உரைகள் விளக்கம் தருகின்றன. சொல்லித்தர ஒருவரும் கொள்ள ஒருவருமாக அங்கும் இருவர் தேவைப்படுகின்றனர். ‘கரகாட்டக்காரன்’ (1989) திரைப்படத்தின் வாழைப்பழக் காட்சியை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பழம் எங்கே என்ற கேள்விக்குக் கையிலிருக்கும் பழமே அது என்று செந்தில் பற்றிய பிடியை விடாது நிற்பதைக் காட்டிலும் மடனுக்கு நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. அக்காட்சியைக் கவுண்டமணியின் சீற்றமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சீற்றம் படிப்படியாக ஏறுவதற்கு ஏணியாக நின்றது செந்திலின் மாறாத குரல். இவ்விணையின் காட்சிகள் பலவற்றை எழுதிய ஏ. வீரப்பனின் பெயர், பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறொரு கேள்வி.

‘லொள்ளு சபா’ என்னும் அடைமொழி

விஜய் தொலைக்காட்சியில் 2000-களின் நடுப்பகுதியில் ஒளிபரப்பான ‘லொள்ளு சபா’, தன் பெயரிலேயே ஒரு விளையாட்டை வைத்திருந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் மதிப்புக்குரிய சொல்லோடு தெருவின் சொல்லை இணைத்தது அப்பெயர். சபா நாடகத்திலிருந்து அது பெற்றது பெயரை மட்டுமன்று. கிரேஸி மோகன் 1979-இல் தொடங்கிய குழு, மாது, சீனு, ஜானகி என்னும் அதே பெயர்களை நாடகத்துக்கு நாடகம் மீண்டும் மீண்டும் பயன்படுத்தியது. இன்னார் இவ்விடத்தில் இப்படித்தான் திகைப்பார் என்பது எழுதுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’வும் இதே வழியில் நிலையான ஒரு குழுவைக் கொண்டு, வெளிவந்த திரைப்படங்களைப் பகடி செய்தது. ஜீவாவின் ரஜினிகாந்த் சாயல், மனோகரின் உடலை உதறிப் பேசும் விரைவு, சுவாமிநாதனின் எரிச்சல் கலந்த திகைப்பு, சேஷுவின் அப்பாவித்தனமான பெரியமனிதத் தோரணை, மாறனின் முறைப்பு ஆகியவை வாரந்தோறும் வேடம் மாறினாலும் மாறாதவை. சந்தானத்தின் ‘கலாய்ப்பு’ இவர்கள்மீது பட்டுத் திரும்பும்போதுதான் சிரிப்பானது.

இவர்களுடைய பெயர்கள் பின்னர் அடைந்த வடிவம் தமிழ் ஆய்வாளர்க்குத் தனிச் சுவை தருவது. லொள்ளு சபா சேஷு, லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா ஜீவா, லொள்ளு சபா மாறன் என, நிகழ்ச்சியின் பெயர் குடிப்பெயர் போல முன்னொட்டாக நின்றுவிட்டது. தமிழ்க் கலையுலகில் அடைமொழி புதிதன்று. தேங்காய் சீனிவாசன் தாம் ஏற்ற நாடக வேடத்தாலும், வெண்ணிற ஆடை மூர்த்தி 1965-இல் வந்த முதற்படத்தாலும், மதுரை முத்துவும் அறந்தாங்கி நிஷாவும் ஊராலும் பெயர் பெற்றவர்கள். குழுவின் பெயரைத் தாங்குவது இவற்றினின்றும் வேறானது. ‘கேபிஒய் பாலா’ என்பதும் அவ்வகையினதே. சங்கப் பாடல்களில் இயற்பெயர் மறைந்து, பாடலின் தொடரே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனப் புலவர்க்குப் பெயரானதை இதனோடு ஒப்பிடத் தோன்றுகிறது. அங்கே ஆக்கம் ஆளைக் காத்தது. இங்கே குழு ஆளைக் காக்கிறது.

குழுவிலிருந்து மேலே சென்றவர்களின் பெயரில் இவ்வடைமொழி இல்லை. யாரும் ‘லொள்ளு சபா சந்தானம்’ என்று இன்று எழுதுவதில்லை. அந்நிகழ்ச்சியில் சிறுசிறு வேடங்களில் தோன்றிய யோகி பாபு, 2009-இல் வெளிவந்த ‘யோகி’ படத்தின் பெயரையே அடையாகக் கொண்டார். நன்னூலார் மொழியில் சொல்வதானால், இனமுள்ள அடைமொழி தேவைப்படுபவர்கள் குழுவினர். இனத்திலிருந்து பிரித்துக்காட்டத் தேவையில்லாதவராவதே தனிப்புகழ்.

ஆனால் சந்தானத்தின் பிற்காலத் திரைப்பயணம், தனிப்புகழின் கதையாக மட்டும் முடியவில்லை. ‘மன்மதன்’ (2004) அவருக்குத் திரையில் வழிதிறந்தது. அதன்பின் பத்தாண்டுகள் அவர் நகைச்சுவை நடிகராகக் கோலோச்சியபோது அவருக்கு ஒத்து ஊதியவர்கள் கதாநாயகர்களே. ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010) படத்தில் ஆர்யா செய்திருக்கும் வேலையைக் கவனித்தால் இது விளங்கும். கதாநாயகன் என்னும் உயரத்திலிருந்து இறங்கிவந்து, சிரிப்பை வாங்கும் இடத்தில் அவர் நிற்கிறார். 2014-இல் ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ வழியாகச் சந்தானமே கதாநாயகரானதும் அந்த எதிரிடம் காலியாயிற்று. அதனை நிரப்ப அவர் தேடிச் சென்றது பழைய தோழர்களை. ‘தில்லுக்கு துட்டு’ (2016) படத்தை இயக்கியவர் ராம்பாலா. ‘ஏ1’ (2019) படத்தில் மனோகர், சுவாமிநாதன், சேஷு, மாறன் ஆகியோர் மீண்டும் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். அப்படத்திலிருந்து இன்றும் இணையத்தில் உலவும் துணுக்குகளில் சேஷுவினுடையது முதன்மையானது. சேஷு 2024 மார்ச்சில் மறைந்தார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த ‘வடக்குப்பட்டி ராமசாமி’யிலும் அவர் சந்தானத்தின் அருகில்தான் இருந்தார். தனித்திறனாளர் என்று நாம் பெயரிட்ட ஒருவர், தம் தொழிலின் ஆதாரம் எது என்பதை ஆய்வாளர்களைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறார் என்றே இதனை நான் கொள்கிறேன்.

பிறநாட்டிலும் இதற்கு இணையுண்டு. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1969 முதல் 1974 வரை ஒளிபரப்பான ‘மான்டி பைத்தான்’ நிகழ்ச்சியின் அறுவரில் ஒருவரான ஜான் கிளீஸ், இறுதித் தொடரில் நடிக்கவில்லை. தனியே புகழ்பெற்ற பின்னும் அவர் பெயரோடு அக்குழுவின் பெயரே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கு எழுதியவர்களே நடித்ததால் எழுத்தாளர் பெயரும் தப்பியது.

‘யார்’ என்னும் வினா

தனித்திறனுக்கான பெருமேடை ‘கலக்கப்போவது யாரு’. 2005-இல் தொடங்கிய இப்போட்டி, ஒலிவாங்கியின் முன் ஒருவரை நிறுத்தி, அவர் பலகுரல் திறனையும் சொல்வன்மையையும் அளந்தது. சிவகார்த்திகேயன் இம்மேடையில் வென்று, தொகுப்பாளராகி, ‘மெரினா’ (2012) வழியாகக் கதாநாயகரானார். ஊர்ப்புறத்து இளைஞர் பலர்க்குக் குழுவோ பின்புலமோ இன்றிச் சென்னைக்கு வர இது வழிசெய்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ‘யார்’ என்னும் வினாக்குறிப்பு ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றுக்கும் பொது என்பது நன்னூல் கற்றோர் அறிந்தது. போட்டி அமைப்பு அதனை ஒருமையாக மட்டுமே கேட்டது. எனினும் பிந்தைய பருவங்களில் போட்டியாளர்கள் இணைகளாகவும் குழுக்களாகவும் வேடம் புனைந்து வரத் தொடங்கினர். பலர்பாலும் உள்ளே நுழைந்துவிட்டது.

தனியாக நின்று பேசுபவர் உண்மையில் தனியாக நிற்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். சன் தொலைக்காட்சியின் ‘அசத்தப்போவது யாரு’ நிகழ்ச்சியில் நடுவராக அமர்ந்திருந்த மதன் பாப் இதற்கு நல்ல சான்று. அவருடைய சிரிப்பு ஓர் இசைக்கலைஞரின் சிரிப்பு. தொடக்கம், ஏற்றம், மூச்சு வாங்கும் இடைவெளி எல்லாம் அதில் உண்டு. மேடையிலிருப்பவர் அச்சிரிப்பு அடங்கும் தருணத்தைக் கணித்து அடுத்த துணுக்கை எடுத்து வைப்பார். மதிப்பெண் இடும் பொறுப்பைக் காட்டிலும் அச்சிரிப்பே அவர் ஆற்றிய பெரும்பணி என்பேன். இதன் மறுதலையை ‘அது இது எது’ நிகழ்ச்சியின் ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் காணலாம். எதிரே அமர்ந்திருப்பவர் சிரித்தால் தோற்பார் என்பது அங்கு விதி. வடிவேல் பாலாஜியும் அவருடைய தோழர்களும், சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விருந்தினரின் முகத்தையே தங்கள் குழுவில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டனர். நாம் வீட்டிலிருந்து சிரித்தது பாதி மேடைக்கும் பாதி அம்முகத்திற்கும்.

குழு என்றவுடன் நெடுநாள் கூடி ஒத்திகை பார்த்தவர்களை மட்டும் எண்ண வேண்டியதில்லை. தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் கலைஞர்கள் தனித்தனியாக அமர்த்தப்படுகின்றனர். நிலையான குழுவில்லை, ஒத்திகையில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையில் சந்திப்பவர்கள் விடியும்வரை ஒரே நாடகமாக அதனை நடத்திவிடுகின்றனர். இம்மரபை விரிவாக ஆராய்ந்த சூசன் சீசரின் நூல் 2005-இல் வெளிவந்தது. பபூன் முதலில் தனியே தோன்றிப் பேசுவார். பின்னர் நடனக்காரப் பெண்ணோடு இணைந்து ஆடுவார். தனிப்பேச்சும் இணையாட்டமும் ஒரே இரவில் ஒரே கலைஞரிடம் அமைகின்றன. எதிரிலிருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதை மரபு இருவருக்கும் கற்றுத் தந்திருக்கிறது. எனவே குழு, தனியாள் என்னும் பிரிவினையைக் காட்டிலும், எதிரிலிருப்பவரைக் கேட்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்னும் பிரிவினையே ஆய்வுக்குப் பயன்படக்கூடியது.

2019-இன் இறுதியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ இதனை ஒரு விதியாகவே ஆக்கியது. கோமாளி இங்கே சமையற்காரரின் எடுபிடி. இணை வாரந்தோறும் மாறும். பட்டம் சமைப்பவருக்குரியது. கோமாளி எவ்வளவு சிரிக்க வைத்தாலும் அவர் வெல்ல முடியாது. வெல்ல முடியாதவர்களாக வந்த புகழும் சிவாங்கியும் பாலாவும்தான் அந்நிகழ்ச்சியால் வீடுதோறும் அறியப்பட்டனர். தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. வருகின்ற வேடத்தையெல்லாம் யாரென்று வினவி, அவர் பெருமையைச் சொல்லவைத்து, இடையிடையே காலை வாரிவிடும் அவனுக்கென்று அக்கதையில் வெற்றியோ தோல்வியோ கிடையாது.

குழுவின் பெயரால்

இவ்வாறு கூறுவதால் குழு என்றாலே நன்மை என்று கொள்ளுதல் தவறு. ‘லொள்ளு சபா’ தொடர்ந்திருந்தால் யோகி பாபு அதன் ஓரத்திலேயே நின்றிருக்கக்கூடும். குழு தன் உறுப்பினர்க்கு ஓரிடத்தை ஒதுக்கிவிட்டால் அவரை அங்கிருந்து நகர விடுவதில்லை. திகைப்பவர் என்றும் திகைக்க வேண்டும், அடிவாங்குபவர் என்றும் அடிவாங்க வேண்டும். பெண்களின் நிலை இன்னும் கடினம். பெண் வேடத்தை ஆணே புனைவது சிரிப்புக்கு எளிய வழியாகிப்போனதால், மேடையில் பெண்ணுக்குரிய இடமே குறைந்தது. அறந்தாங்கி நிஷா ‘கலக்கப்போவது யாரு’ மேடையில் தன் குரலோடு வந்து நின்றபோது, எள்ளலுக்குப் பொருளாக மட்டும் இருந்த இடத்திலிருந்து எள்ளுபவராக ஒரு பெண் பேசியது, தனித்திறனுக்கு மேடை கொடுத்த போட்டியால்தான் கூடியது. ‘குழு மனப்பான்மை’ என்னும் சொல் ஊதியமும் பெயரும் கேட்பவரை வாயடைக்கவும் பயன்படும் என்பதைத் தொழிலுலகை அறிந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. குழுவை ஆய்வலகாகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது, குழுவுக்குள் யார் என்ன செய்தார் என்பதைப் பிரித்தறிவதற்காகவே.

அப்பிரித்தறிதல் நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது. நாகசுர அரங்கில் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் எதிர்நின்று வாங்குபவரின் இடத்தைப் படத்தொகுப்பு பிடித்து வருகிறது. ஒருவர் ஒரு துணுக்கைச் சொன்னவுடன் வடிவேலுவின் பழைய முகபாவமோ, திரைப்பாடலின் ஓரடியோ, பதிவுசெய்த சிரிப்பொலியோ வெட்டி ஒட்டப்படுகிறது. மறுமொழி வேண்டிய இடத்தில் ஒலித்துணுக்கு வந்து நிற்கிறது. இதனைச் செய்யும் தொகுப்பாளர் உண்மையில் தேர்ந்த ஒத்துக்காரர். எந்த நொடியில் எதை வைத்தால் சிரிப்பு எழும் என்பது அவர் கைத்திறன். அவர் பெயரைச் சொல்லும் பார்வையாளரை நான் சந்தித்ததில்லை.

தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. பழைய நாடக அறிவிப்புத் தாள்களை நூலகத்தில் புரட்டும்போது ஒன்று கண்ணில் படும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகியோரோடு பபூன், ஹார்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு என அனைவர் பெயரும் ஊரும் அச்சிடப்படும் வழக்கம் இருந்தது. ஓரிரவு நாடகத்துக்கு அச்சடித்த மலிவுத்தாள் காத்துவைத்த அளவு செய்தியை, பல்லாயிரம் முறை பார்க்கப்படும் இன்றைய காணொளிகள் காக்கவில்லை. ‘லொள்ளு சபா’வின் பகுதிகள் இணையத்தில் துண்டுதுண்டாகக் கிடைக்கின்றன. பதிவேற்றுவோர் சிரிப்புள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக்கொள்வதால் தொடக்கப் பெயர்ப்பட்டியலும் இறுதிப் பெயர்ப்பட்டியலும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. எழுதியவர், உடை தைத்தவர், அட்டையில் வாளும் கிரீடமும் செய்தவர் எல்லோரும் அவ்வெட்டில் போய்விட்டனர்.

இவ்வாய்விதழ் வழியாகத் துறைகளிடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஊடக நகைச்சுவை குறித்த ஆய்வேடுகளில், எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியின் முழுப் பெயர்ப்பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கலாம். அப்பணியாளர்கள் பலர் இன்று நடுவயதினர். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் நேரில் சென்று கேட்டால் பதில் கிடைக்கும் காலம் இது. நான் என் தலைப்பை மாற்றிக்கொள்ளவில்லை. சந்தானத்தின் தொடர்களை எழுதிய பழைய குறிப்பேட்டின் இடப்பக்கங்கள் காலியாக இருந்தன. அவற்றில் இப்போது எதிரிலிருந்தவர் என்ன செய்தார் என்பதை எழுதி வருகிறேன். ஓரிடத்தில் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறார் ஒருவர். அக்காட்சியின் சிரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அவர் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன்.